தரங்கம்பாடி: கரையில் தொடங்கி நகர வாயிலில் முடியுங்கள்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் போகிற வழியில் பதினொரு மணிக்கு இறங்குகிறார்கள். டென்மார்க் நாட்டவரான டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குள் மீன் ஏலம் முடிந்து கரை வெறிச்சோடியிருக்கும். இந்த ஊர் கடலிலிருந்து வளர்ந்த ஊர். விடியலில் கரை, அடுத்து கோயில், பிறகு தெருக்களும் தேவாலயங்களும், பத்து மணிக்கு மேல் கோட்டை, கடைசியாக நகர வாயில் என்ற வரிசையில் போனால் ஒரே காலையில் எல்லாம் அடங்கும்.

ரயில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து 1926-இல் போட்ட கிளைப்பாதை 1986-இல் மூடப்பட்டது. சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால் போகும் பேருந்துகளே வசதி. பொறையாறில் இறங்கிவிட்டால் ஆட்டோ தேட வேண்டியிருக்கும், அதனால் தரங்கம்பாடி நிறுத்தம் என்று நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். தையும் மாசியும் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கடலும் கொந்தளிக்கும், படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் போகாது, சிறு ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன் மட்டும்தான் கரைக்கு வரும்.

நிறுத்தத்திலிருந்து நகர வாயில் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே நிற்காமல் ராஜா வீதியில் நேராகக் கடலுக்கு நடந்துவிடுங்கள். படகுகள் ஒதுங்கும் இடத்தில் ஏலம் நடக்கும். மீனைக் கூறு கூறாகக் குவித்து, ஒவ்வொரு கூறுக்கும் விலை கேட்பார்கள். மொத்த வியாபாரிகள் எடுத்ததுபோக மிச்சத்தைப் பெண்கள் கூடையில் வைத்துச் சில்லறையாக விற்பார்கள். உங்களுக்கு வேண்டிய மீனை அவர்களிடம் வாங்குங்கள், ஏலத்துக்கு நடுவே புகுந்து விலை விசாரிப்பது அங்கே யாருக்கும் பிடிக்காது. செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் அன்றைய மீன், பழுப்பேறியிருந்தால் பழையது. மணலில் விரித்த வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையிலிருந்த இந்த மீனவர் குடியிருப்பைத்தான் முதலில் அடித்தது. அதன்பின் கட்டிய வீடுகள் பல கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன, ஆனால் தொழில் கரையில்தான். அந்த நாளைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

கரையோடு கோட்டைக்கு வடக்கே போனால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இது வணிகப் பட்டினமாக இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது புதுப்பித்து நிற்பதைப் பார்த்து 'புதுக் கோயில்தானே' என்று திரும்பிவிடாதீர்கள், அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களின் பக்கம் நின்று பார்த்தால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது புரியும். கற்களில் பாசி வழுக்கும். இங்கே குளிப்பதும் ஆபத்து.

வெயில் ஏறும் முன் தெருக்களுக்குத் திரும்புங்கள். ராஜா வீதியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701-இல் எழுந்தது. இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயம் 1680-ஐச் சேர்ந்தது. புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டேனிஷ் அரசரின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கும். அதைக் கட்டிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு மறு ஆண்டே இறந்து உள்ளே பீடத்தருகில் அடக்கமானார். 1706 ஜூலை 9-இல் வந்திறங்கியவர் அவர். அவருடைய அச்சுக்கூடத்துக்கான தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயில் வார்க்கப்பட்டு இங்கே வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. உள்ளூரிலேயே சிறிதாக வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாறில் ஒரு ஆலையும் வைத்தார்கள். அச்சு வரலாற்றில் ஆர்வமிருந்தால் அட்மிரல் தெருவில் சீகன்பால்கு இல்லத்துக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள், மற்றவர்கள் விட்டுவிடலாம். தேவாலயம் பூட்டியிருந்தால் பக்கத்தில் கேட்டால் திறப்பவரைக் காட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், அப்போது சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். தட்டார் தெருவில் ஆழிப்பேரலைக்குப் பிறகு சீர்செய்த திண்ணை வீடுகளையும் பாருங்கள். டேனியர் கட்டிடங்களைவிட இவைதான் இந்த வெயிலைப் புரிந்து கட்டியவை.

டான்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஏமாறுகிறவர்கள் அதிகம், நாளைப் பார்த்து வாருங்கள். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியக் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே தொடங்கிய கோட்டை இது. கீழ்த்தளம் கிடங்கும் சமையலறையும், மேல்தளம் அதிகாரிகளுக்கு. கீழே முதலில் சுற்றுங்கள்: வளைவுக் கூரையும் தடித்த சுவரும் உள்ள அந்த அறைகளில்தான் வணிகச் சரக்கு இருந்தது, கோட்டையின் உண்மையான வேலை அதுதான். இந்த டேனியர்களின் வாழ்வு பெருமையாக ஒன்றும் இருக்கவில்லை. தாய்நாட்டிலிருந்து பல ஆண்டு கப்பலே வராமல், எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்பவர் ஊர்க்காரர் துணையோடு கோட்டையைக் காப்பாற்றி வைத்திருந்தார், 1669-இல்தான் அடுத்த கப்பல் வந்தது. 1845-இல் இந்த ஊரும் வங்கத்துச் செராம்பூரும் சேர்ந்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. பெரிய கட்டிடங்கள் இடிபடாமல் மிஞ்சியதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம்.

திரும்பும்போது நகர வாயிலில் நில்லுங்கள். மேலே 1792 என்று இருக்கும், பழைய வாயிலை எடுத்துவிட்டு எழுப்பியது. உள்பக்கம் நின்று கடல் நோக்கிப் பார்த்தால் ராஜா வீதி நேராக ஓடுவது தெரியும். காலையில் மீன் வாங்கியிருந்தால் ஐஸ் போட்டு இறுகக் கட்டிக்கொள்ளுங்கள், கசியும் பையோடு ஏறினால் நடத்துநர் இறக்கிவிடுவார்.