கட்டைவிரலால் இழுத்தால் வெடித்தது, இல்லையென்றால் இல்லை

டெக்சாஸில் தற்காப்புக்காக நான் வைத்திருப்பது ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய .38 ஸ்பெஷல் ரிவால்வர். விரலால் அழுத்தும் விசை கடினமாக இருந்ததால், தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியின் ஸ்பிரிங்கை மாற்றி இலகுவானதைப் போட்டேன். அடுத்த பயிற்சியில் ஐந்தில் ஒன்று வெடிக்காமல் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது.

தோட்டாவைச் சந்தேகித்து வேறு இரண்டு வகை வாங்கினேன். வீண் செலவு. பிறகு உள்ளே இருந்த கரியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து 50 தோட்டா சுட்டேன். எல்லாம் வெடித்தன. சரியாகிவிட்டது என்று நம்பினேன். மறுவாரம் மீண்டும் 'டிக்'.

வெடிக்காத தோட்டாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் பகுதியில், விழுந்த பள்ளம் மேலோட்டமாக இருந்தது. கையால் இழுக்கும்போது சுத்தி சற்றுக் கூடுதலாகப் பின்னால் போகிறது, அடியும் பலமாக விழுகிறது. விசையை மட்டும் அழுத்தும்போது அந்தத் தூரம் கிடைப்பதில்லை. என் சோதனையே குறையை மறைத்திருக்கிறது!

பழைய ஸ்பிரிங்கையே மாட்டினேன். இடுப்பில் வைத்துச் செல்லும் அதே வகைத் தோட்டாவில் 100, விசையை மட்டும் அழுத்திச் சுட்டேன். ஒன்றும் தவறவில்லை. விரல்தான் இரண்டு நாள் வலித்தது.