வீட்டில் பர்ன் செய்த டிவிடி சிக்கிச் சிக்கி ஓடினால்

டிவிடி நின்று நின்று ஓடினால் முதலில் திட்டு வாங்குவது பிளேயர். அடுத்தது டிஸ்க் கம்பெனி. இரண்டையும் மாற்றிப் பார்த்த பிறகும் படம் அதே இடத்தில் உறைந்தால்தான், வீடியோவை என்ன பிட்ரேட்டில் (நொடிக்கு எத்தனை பிட் தரவு என்ற அளவில்) மாற்றினோம், என்ன வேகத்தில் பர்ன் செய்தோம் என்ற கேள்வியே எழும். உண்மையில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை அந்த இரண்டும்தான்.

டிவிடியின் 1 எக்ஸ் வேகம் என்பது நொடிக்கு 11.08 மெகாபிட். வீடியோ, ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி வீடியோ தரநிலை. பல வீட்டு பிளேயர்கள் 1 எக்ஸை ஒட்டிய வேகத்தில்தான் படிக்கின்றன. ஆக, உச்சத்தில் ஓடும் டிஸ்கில் வரவுக்கும் செலவுக்கும் இடையே மிச்சம் மிகக் குறைவு.

1 எக்ஸில் டிஸ்கின் உள்பக்கம் படிக்கப்படும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1400 சுற்று சுற்றும். வெளி ஓரத்துக்கு வரும்போது 575 சுற்றுதான். வெளி ஓரத்தில் ஒரு கீறலால் ஒரு துண்டைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்றால், அதே இடம் லென்சுக்கு மேல் மறுபடி வர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு காத்திருக்க வேண்டும். மூன்று முறை முயன்றால் 0.3 நொடி போச்சு. நொடிக்கு 9.5 மெகாபிட் ஓடும் படம் அதற்குள், பிளேயர் முன்கூட்டிப் படித்துப் பஃபரில் சேர்த்து வைத்ததில் 2.85 மெகாபிட்டைத் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பக் கிடைப்பதோ நொடிக்கு 1.58 மெகாபிட். அதாவது மீள ஏறத்தாழ 1.8 நொடி வேண்டும், அதற்குள் இன்னொரு கோளாறு வந்தால் படம் நிற்கும். இதே கீறல் நொடிக்கு 5 மெகாபிட் ஓடும் டிஸ்கில் இருந்தால் கால் நொடியில் பள்ளம் நிரம்பிவிடும். கீறல் இருப்பதே தெரியாது. ஒரே பிளேயரில் கடையில் வாங்கிய டிஸ்க் ஓடி, நம்முடையது சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் டிஸ்கில் பிழைகளும் அதிகம், பிட்ரேட்டும் பெரும்பாலும் தேவைக்கு மேல்.

எது சிக்குகிறது என்று முதலில் பாருங்கள்

சிக்குவதில் இரண்டு ஜாதி உண்டு. படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, ஒலியும் அறுந்தால் அது படிப்பதில் உள்ள கோளாறு. படம் உடையாமல், ஒலி சீராக ஓட, அசையும் பொருள்கள் மட்டும் உதறி உதறி நகர்ந்தால் அது மாற்றியபோது நேர்ந்த கோளாறு. இந்த இரண்டாவதுக்கு எத்தனை டிஸ்க் மாற்றினாலும் தீராது.

சிக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அதே நிமிடத்தில், அதே காட்சியில் நின்றால் டிஸ்கிலோ கோப்பிலோ தவறு. வேறு வேறு இடத்தில் நின்றால் லென்ஸ் தூசி, பிளேயர் சூடு, தளர்ந்த மோட்டார் என்று போக வேண்டும்.

அடுத்து, டிஸ்கில் உள்ள வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கணினியின் ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்து, வி.எல்.சி-யில் அங்கிருந்து ஓட்டுங்கள். நகல் தடையின்றி வந்து, படமும் சீராக ஓடினால் கோப்பு பெரும்பாலும் நல்லது. கோளாறு பிட்ரேட்டிலோ டிஸ்கிலோ பிளேயரிலோ இருக்கிறது. நகலெடுக்கும்போதே வேகம் தொப்பென்று விழுந்தால், அல்லது படிக்க முடியவில்லை என்று பிழை வந்தால், டிஸ்க்தான். நகல் சுலபமாக வந்து, ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓட்டும்போதும் உதறினால், கோப்பைத்தான் மறுபடி செய்ய வேண்டும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சிக்குகிறதா? ‘பிளேயர் சூடாகிவிட்டது’ என்று அவசரப்பட வேண்டாம். ஒற்றை அடுக்கு டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. படத்தின் கடைசிப் பகுதி இருப்பது வெளி ஓரத்தில். மறுநாள் காலை, பிளேயர் ஆறியிருக்கும்போது நேராகக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவுங்கள். உடனே சிக்கினால் வெளி ஓரம். சிக்காவிட்டால் சூடு.

பிட்ரேட்: 570 என்ற எண்

ஒற்றை அடுக்கு டிஸ்கில் 470 கோடி பைட்டுகள் பிடிக்கும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். எழுதும் பகுதி மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி 58-இல் முடிகிறது. 8 சதவீதம் காலியாக விட்டால் வெளியே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தப்பும். வளைவின் பாதிப்பு அதிகம் தெரிவதும், விரல் ரேகை படிவதும், எழுதும்போது தடுமாறுவதும் அந்த 2 மில்லிமீட்டரில்தான். 430 கோடி பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணக்கில் அது 4 ஜிபி.

இனி 570-ஐப் படத்தின் நிமிடங்களால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று வரும். 90 நிமிடப் படத்துக்கு 6.3, அதில் ஒலிக்கு 0.2, இரண்டையும் ஒன்றாகக் கோர்ப்பதற்குக் கொஞ்சம் கழித்தால் வீடியோவுக்கு 6. இரண்டு மணி நேரத்துக்கு 4.4 அளவில் வரும். ஒரு மணி நேரத்துக்கு 9.5 என்று கணக்கு சொல்லும், அதை நம்பாதீர்கள். இடம் இருக்கிறதே என்று நிரப்புவதுதான் குறும்படங்கள் சிக்குவதற்குப் பெருங்காரணம். எவ்வளவு சின்னப் படமானாலும் சராசரி 7-க்கு மேல் போக வேண்டாம். 720க்கு 576 அளவுள்ள படத்தில் 7-க்கும் 9-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்.

சராசரி மட்டும் போதாது, உச்சத்தையும் கட்ட வேண்டும். அலை, காற்றில் ஆடும் இலைகள், கைநடுக்கத்தோடு எடுத்த இருட்டுக் காட்சி, இவை வரும்போது மாறும் பிட்ரேட் சட்டென்று மேலே ஏறும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டிவிடிக்கான தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சராசரி 6, உச்சம் 9 என்று வைத்துக்கொள்கிறது. அந்த 9-ஐ 7.5 ஆக்கிவிடுங்கள். இருட்டுக் காட்சிகளில் புள்ளி புள்ளியாகத் துடிக்கும் இரைச்சலை முன்பே வடிகட்டினால் பிட்ரேட்டும் தானாகக் குறையும்.

ஒலியைப் பலர் கவனிப்பதே இல்லை. சில மென்பொருள்கள் சொல்லாமலே பிசிஎம் ஒலியை, அதாவது சுருக்காத ஒலியை, வைத்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்றால் அது மட்டுமே நொடிக்கு 1.5 மெகாபிட். அதை டால்பி டிஜிட்டல் 192 கிலோபிட்டுக்கு மாற்றினால் 1.3 மெகாபிட் மிச்சம். வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றியே சிக்கல் நின்றுபோவதுண்டு.

படம் உதறினால்

செல்பேசி வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். பால் (PAL) என்ற டிவி முறையில் செய்த டிவிடி 25. மாற்றும்போது ஆறில் ஒரு ஃபிரேம் வெட்டப்படுகிறது. கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் காட்சியைப் பாருங்கள்: நொடிக்கு ஐந்து முறை சின்னச் சின்னதாக இடறும். இதற்கு நல்ல தீர்வு, டிஸ்கை என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு டிவி முறையில், 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேமாகச் செய்வது. பிளேயரும் டிவியும் அதை ஏற்கின்றனவா என்று ஒரு சின்னத் துண்டை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, செல்பேசி ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் ‘நிலையான ஃபிரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு, அதன் பிறகு டிவிடியாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் உதறலோடு, ஒலியும் உதட்டசைவும் போகப் போக விலகும்.

பழைய டிஜிட்டல் வீடியோ (DV) டேப் கேமராவில் எடுத்தது என்றால் ஃபீல்டு வரிசையைப் பாருங்கள். ஒரு ஃபிரேமின் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்து வரும். அந்த வடிவத்தில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். மென்பொருளில் மேல் ஃபீல்டு முதல் என்று விட்டிருந்தால், நகரும் பொருள் ஓரடி முன்னே வைத்து அரையடி பின்னே போவதுபோலத் துடிக்கும். நின்றிருக்கும் காட்சியில் ஒன்றும் தெரியாது. கணினித் திரையில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், அங்கே பிளேயர் மென்பொருள் இரண்டு ஃபீல்டையும் கலந்து பிழையை மறைத்துவிடும். டிவியில்தான் பார்க்க வேண்டும்.

பர்ன் செய்யும்போது

16 எக்ஸ் டிஸ்கை 8 எக்ஸில், 8 எக்ஸ் டிஸ்கை 4 எக்ஸில் எழுதுங்கள். ‘எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது’ என்பது பழைய காலத்துப் பேச்சு. டிஸ்கில் அதன் தயாரிப்பாளர் குறியீடு பதிந்திருக்கும். அதைப் படித்து, எந்த வேகத்துக்கு லேசரை எப்படி அடிப்பது என்று பர்னர் தன் ஃபர்ம்வேரிலிருந்து (உள்ளே பதிந்த மென்பொருளிலிருந்து) எடுத்துக்கொள்கிறது. 16 எக்ஸுக்கென்று செய்த சாயத்தில் (லேசர் எழுதும் அடுக்கில்) மிக மெதுவாக எழுதினால் சில சமயம் பிழைகள் கூடவே செய்யும். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட அந்தக் குறியீடுதான் முக்கியம். ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு ஆலையின் டிஸ்க் இருக்கலாம். இம்க்பர்ன் (ImgBurn) என்ற பர்ன் மென்பொருளின் திரையின் வலப்பக்கத்தில் குறியீடு தெரியும். நன்றாக எழுதப்பட்ட டிஸ்கின் குறியீட்டைக் குறித்து வையுங்கள்.

எழுதும் கோப்பு உள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். நெட்வொர்க்கிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக எழுதினால் பஃபர் காலியாகி லேசர் நின்று நின்று எழுதும். பர்னர் அதைச் சமாளித்து டிஸ்கை முடித்துவிடும்தான். ஆனால் ஒவ்வொரு ஒட்டும் ஒரு பலவீனமான இடம்.

டிவிடி பிளஸ் ஆர் டிஸ்க் என்றால், பர்னர் அனுமதித்தால் ‘புக் டைப்’பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி ரோம் என்று மாற்றுங்கள். பழைய பிளேயர்கள் அதைத் தயக்கமின்றி ஏற்கும். அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்கைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிஸ்க் குறைந்தது 45 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆர்டபிள்யூ 18 முதல் 30 வரைதான். வயதான லென்ஸ் அதில் திணறும். இரட்டை அடுக்கு டிஸ்கில் ஓர் இடத்தில் மட்டும் படம் கண நேரம் நின்று தொடர்ந்தால், லேசர் அடுத்த அடுக்குக்கு மாறுகிறது என்று பொருள். அது கோளாறு அல்ல.

எழுதி முடித்ததும் வரும் ‘வெரிஃபை’ வெற்றியை முழுதாக நம்ப முடியாது. எழுதிய டிரைவே தன் எழுத்தைப் படித்துப் பார்க்கிறது. தன் கிறுக்கல் தனக்குப் புரியும். முடிந்தால் வேறொரு டிரைவில், நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற கருவியில் படிக்கும் வேகச் சோதனை ஓட்டுங்கள். கோடு இடமிருந்து வலமாக வழவழவென்று ஏற வேண்டும். நடுவில் பல் பல்லாகப் பள்ளம் விழுந்தால், சிக்கப்போகும் இடங்கள் அவையே. பிழை எண்ணிக்கை காட்டும் டிரைவ் இருந்தால், அடுத்தடுத்த 8 பிழைதிருத்தப் பிளாக்குகளுக்கு பிஐ பிழை (பிழைதிருத்தத்தின் முதல் கட்டத்தில் பிடிபடும் பிழை) 280-க்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. டிரைவுக்கு டிரைவ் எண் மாறும், அதனால் ஒரே டிரைவில் அளந்ததைத்தான் ஒப்பிட வேண்டும்.

டிஸ்கும் லென்சும்

துடைப்பது எப்போதும் நடுத்துளையிலிருந்து ஓரத்துக்கு, நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். அடுத்தடுத்த தரவு மொத்தமாக அழிவதால் பிழைதிருத்தம் கைவிட்டுவிடும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் எடுக்கும். காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது எடையைச் சாய்க்கும், சூட்டில் சுருங்கி டிஸ்கை வளைக்கும். ஒட்டியாகிவிட்டதென்றால் உரிக்கவும் முயலாதீர்கள், உடனே நகலெடுங்கள்.

எல்லா டிஸ்கும் சிக்கினால் லென்சைச் சுத்தம் செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, உதறி, லென்சை இலேசாக ஒருமுறை ஒற்றி எடுங்கள். அது மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, அழுத்தினால் முடிந்தது கதை.

கணினியில் மட்டும் சிக்குகிறது, அதுவும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி என்றால், டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலைத் திறந்து பாருங்கள். படிப்பதில் பிழைகள் தொடர்ந்து சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிரைவை டிஎம்ஏ என்ற வேகமான தரவு முறையிலிருந்து படிப்படியாக பிஐஓ என்ற மெதுவான முறைக்குத் தள்ளிவிடும்; அதன்பின் நல்ல டிஸ்கும் திணறும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி இயக்கினால் டிஎம்ஏ திரும்பிவிடும்.

போன வருடம் நன்றாக ஓடிய டிஸ்க் இப்போது சிக்குகிறது என்றால் சாயம் மங்கத் தொடங்கியிருக்கலாம். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதிக்க வேண்டாம். டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற தரவு மீட்பு மென்பொருளில் செக்டர் அளவு 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் எளிதாக வருவதை எல்லாம் எடுங்கள். மீந்த ஓட்டைகளை இரண்டாம் சுற்றில் பின்னிருந்து முன்னாகப் படிக்கச் சொல்லுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்து வைக்கும் அதே மேப் கோப்பை வைத்துக்கொண்டு டிஸ்கை வேறொரு டிரைவில் போட்டால், முதல் டிரைவ் விட்ட செக்டர்கள் பல அங்கே கிடைக்கும். கிடைத்த இமேஜைப் புது டிஸ்கில் 8 எக்ஸில் எழுதுங்கள், இமேஜையும் ஹார்ட் டிஸ்கில் விட்டு வையுங்கள்.