ஆடியோ பின்களைச் சரியான பெயர் சொல்லிக் கேட்பது எப்படி

"அண்ணே, ஒரு ஆக்ஸ் கேபிள் கொண்டுவாங்க" என்று யாராவது போனில் சொன்னால் நான் உடனே பையைத் தூக்குவதில்லை. ஆக்ஸ் என்று ஒரு பின்னே கிடையாது. ஆம்பிலும் காரிலும் கூடுதலாக வைத்திருக்கும் ஒரு உள்வழிக்குத்தான் அந்தப் பெயர். அங்கே 3.5 மி.மீ. ஓட்டை இருக்கலாம், சிவப்பு வெள்ளை ஜோடி இருக்கலாம். மிக்ஸரில் 'ஆக்ஸ் சென்ட்' என்று எழுதியிருந்தால் அது சத்தத்தை வாங்கவே வாங்காது, வெளியே அனுப்பும். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எதிலிருந்து எதுக்குப் போகுது? ரெண்டு முனையையும் சொல்லு."

மேடைகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். பெயர் குழம்புவதால் பொருந்தாத கேபிளோடு ஆள் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பொருந்திவிட்ட தப்பான கேபிள் அதைவிட மோசம். காரணம், ஒரே பெயரில் வடிவம், உள்ளே இருக்கும் தொடர்புகள், அவற்றில் ஓடும் சிக்னல் மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறோம். பின்னின் பெயர் வடிவத்தை மட்டும்தான் சொல்லும். மற்றதை நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் 'ஜாக்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கேட்டலாக்கில் ஜாக் என்றால் கருவியில் இருக்கும் குழி. நம் பேச்சில் கேபிள் நுனியில் இருப்பதும் ஜாக். செருகுவது பிளக், செருகப்படுவது சாக்கெட் என்று சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள்.

அடுத்து அளவு. கிடார், கீபோர்டு, பெரிய ஹெட்ஃபோன் ஆகியவற்றில் வரும் தடித்த பிளக் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். 6.3, 6.5 என்று எழுதியிருந்தாலும் அதுவேதான். பி-38 என்று சொல்பவர்களும் உண்டு. போன், லேப்டாப்பில் இருப்பது 3.5 மி.மீ.; இதை அரைக்கால் அங்குலம் என்றும் சொல்கிறார்கள், கணக்குப்படி அது 3.175தான் என்றாலும். இன்னும் ஒல்லியாக 2.5 மி.மீ. ஒன்றும் உண்டு, அபூர்வம்.

இப்போது பிளக்கைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். (சிலவற்றில் கோடு வெள்ளையாகவும் இருக்கும்.) அந்தக் கோடுகள் பிளாஸ்டிக், ஒரு உலோகப் பகுதியை இன்னொன்றோடு ஒட்டவிடாமல் பிரிப்பவை. ஒரு கோடு என்றால் இரண்டு தொடர்பு: நுனியில் டிப், அடியில் ஸ்லீவ். இது டி.எஸ். இரண்டு கோடு என்றால் நடுவில் ரிங் ஒன்று சேரும், டி.ஆர்.எஸ். மூன்று கோடு என்றால் டி.ஆர்.ஆர்.எஸ். கடையில் 'மோனோ பின்', 'ஸ்டீரியோ பின்' என்று கேட்பதைவிட இந்தப் பெயர்களைச் சொல்வது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

டி.ஆர்.எஸ். பிளக்கைப் பார்த்ததும் ஸ்டீரியோ என்று முடிவு செய்துவிடுகிறோம். ஹெட்ஃபோனில் அது சரி: டிப்பில் இடது, ரிங்கில் வலது, ஸ்லீவில் கிரவுண்ட். ஆனால் அதே பிளக், மிக்ஸரிலிருந்து பவர்டு ஸ்பீக்கருக்கு (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) போகும்போது பேலன்ஸ்டு மோனோவாக வேலை செய்கிறது. டிப்பிலும் ரிங்கிலும் ஒரே சிக்னல், ஒன்று மட்டும் தலைகீழாக. வாங்கும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. வழியில் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும், சிக்னல் மட்டும் மிஞ்சும். நீளமான கேபிளில் இதன் அருமை தெரியும். மூன்றாவதாக, மிக்ஸரின் இன்ஸர்ட் குழியில் (வெளியே உள்ள ஒரு கருவியைச் சிக்னலின் நடுவில் சேர்க்கும் இடம்) அதே டி.ஆர்.எஸ். ஒரு கம்பியில் அனுப்பி மற்றதில் திரும்ப வாங்கும்.

இது தெரியாததால் வரும் ஒரு கோளாறு கேட்பவரைத் திகைக்க வைக்கும். போனிலிருந்து 3.5 மி.மீ. டி.ஆர்.எஸ்., மறுமுனையில் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் மைக் பிளக்) ஒன்று, அதை மிக்ஸரின் மைக் குழியில் செருகிப் பாட்டைப் போடுவார்கள். வாத்தியம் கேட்கும், பாடகர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். குரலின் எதிரொலி மெல்லியதாக எங்கோ பின்னால் மிதக்கும். பாட்டு ஃபைல் கெட்டுவிட்டது, போன் போய்விட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கெட்டது எதுவும் இல்லை. பேலன்ஸ்டு உள்வழி தன் வேலையைச் செய்கிறது: இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. பெரும்பாலான பாட்டில் குரல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், ஆகவே அது முழுக்கக் கழிந்துபோகிறது. அந்தக் குழியில் 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக்குக்காக மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் போனுக்கும் ஆபத்து. இங்கே வேண்டியது ஒரு 3.5 மி.மீ. டி.ஆர்.எஸ். இரண்டாகப் பிரிந்து இரண்டு 6.35 மி.மீ. டி.எஸ். ஆகும் கேபிள். மிக்ஸரில் இரண்டு லைன் உள்வழிகளில் இடது ஒன்று, வலது ஒன்று. தூரம் அதிகமென்றால் நடுவில் ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ், அதாவது சாதாரண சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் சிறு பெட்டி.

எதிர்ப்பக்கமும் ஒன்று: டி.எஸ். பிளக்கை ஸ்டீரியோ ஹெட்ஃபோன் குழியில் செருகினால் அதன் நீளமான ஸ்லீவ், வலது பக்கத் தொடர்பைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும். அப்படிச் செருகி விடாதீர்கள்.

மூன்று கோடுள்ள டி.ஆர்.ஆர்.எஸ்., மைக்கும் சேர்ந்த ஹெட்செட்டுக்கு உரியது. இதில் சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என்று கம்பி இணைப்பில் இரண்டு விதம் உண்டு. மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். முறை பொருந்தாவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், ஹெட்செட்டின் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் சரியாகக் கேட்கும். இப்படி நடந்தால் ஹெட்செட்டைத் தூக்கிப்போட வேண்டாம், ஒரு சிறு மாற்றி அடாப்டர் போதும். இப்போது வரும் கருவிகள் பெரும்பாலும் சி.டி.ஐ.ஏ. முறைதான்.

அப்புறம் சிவப்பு, வெள்ளை. ஆர்.சி.ஏ. என்பது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் பெயர். 1930களில் இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்க அவர்கள் கொண்டுவந்த பின் இது. ஃபோனோகிராஃபுக்கு வந்ததால் 'ஃபோனோ' பிளக் என்றும் சொல்வார்கள். முன்பு பார்த்த 6.35 மி.மீ. பிளக், 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கச் செருகிய பிளக்கின் வழி வந்தது, ஆகவே அது 'ஃபோன்' பிளக். ஒரே ஒரு 'ஓ' தான் வித்தியாசம். ஆன்லைனில் ஆர்டர் போடும்போது பெயரை நம்பாமல் படத்தைப் பாருங்கள். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது, மஞ்சள் வீடியோ, ஆரஞ்சு பெரும்பாலும் டிஜிட்டல் கோஆக்ஸியல். ஆம்பின் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதிய ஆர்.சி.ஏ. குழி இருந்தால் அது இசைத்தட்டுக் கருவிக்கு மட்டும். சில மில்லிவோல்ட் சிக்னலை எதிர்பார்த்து, அதைப் பெருக்கி, பேஸையும் ஏற்றிக் கொடுக்கும் வழி அது. அதில் டி.வி.யையோ போனையோ போட்டால் சத்தம் உடைந்து கத்தும்.

எக்ஸ்.எல்.ஆரை மைக் பின் என்றே பலரும் சொல்கிறோம். பழைய ஆட்கள் கேனன் என்பார்கள். கேனன் நிறுவனத்தின் எக்ஸ் வரிசைப் பின், அதோடு பூட்டிக்கொள்ளும் லாட்ச், உள்ளே ரப்பர். அதிலிருந்து வந்த மூன்று எழுத்துகள். மைக்குக்கு வருவது மூன்று பின் உள்ளது: 1 ஷீல்டு, 2 நேர் சிக்னல், 3 தலைகீழ் சிக்னல். ஆண், பெண் என்று சொல்லும்போது வெளிக்கூட்டைப் பார்க்காதீர்கள். ஆண் முனையில் கூடு அகலமாக, குழிபோல் இருக்கும், ஆனால் உள்ளே மூன்று குச்சிகள் நிற்கும். குச்சி இருந்தால் ஆண், துளை இருந்தால் பெண். சிக்னல் எப்போதும் குச்சி நீட்டும் திசையில் போகும்: மைக்கின் அடியில் குச்சி, மிக்ஸரில் துளை. இதை நினைவில் வைத்தால் இருட்டில்கூடக் கேபிளைத் திருப்பிப் போடமாட்டீர்கள். மிக்ஸரில் எக்ஸ்.எல்.ஆர். குழிக்கு நடுவிலேயே 6.35 மி.மீ. ஓட்டையும் இருந்தால் அது காம்போ. இரண்டில் எதையும் செருகலாம்.

ஐந்து பின் வட்டமான டி.ஐ.என். பின், மிடிக்கு (கீபோர்டு போன்ற இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) உரியது, அதில் சத்தம் போகாது, எந்த நோட்டை எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல்தான் போகும்.

மிகவும் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் கேபிள். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கும் 6.35 மி.மீ. டி.எஸ்., கிடாரிலிருந்து ஆம்புக்கும் அதே டி.எஸ். வெளியே பார்த்தால் இரட்டையர்கள். பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒல்லியான கம்பி, அதைச் சுற்றி வலைபோல் பின்னிய ஷீல்டு இருந்தால் கிடார் கேபிள். ஒரே தடிமனில் இரண்டு கம்பி மட்டும் இருந்தால் ஸ்பீக்கர் கேபிள். ஒல்லிக் கம்பியை ஸ்பீக்கருக்குப் போட்டால் சூடேறும், ஆம்பும் போகக்கூடும். ஸ்பீக்கர் கேபிளைக் கிடாருக்குப் போட்டால் 'உம்' என்ற இரைச்சல் விடாது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கான் பயன்படுத்துங்கள். நியூட்ரிக் நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். கேட்கும்போது என்.எல்.2, என்.எல்.4 என்று எண்ணையும் சொல்லுங்கள், அது தொடர்புகளின் எண்ணிக்கை. இதே சாயலில் நீல நிறத்தில் ஒன்று இருந்தால் அது பவர்கான். அதில் போவது மெயின் கரன்ட்.

சரி, கேபிள் கேட்பது இப்படி: "லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு. ஒரு முனை 3.5 மி.மீ. டி.ஆர்.எஸ். பிளக், ஸ்டீரியோ. மறுமுனை 6.35 மி.மீ. டி.எஸ். பிளக் இரண்டு, இடது ஒன்று வலது ஒன்று. நீளம் 3 மீட்டர்." பெயர் எதுவும் வாயில் வரவில்லையா, இரண்டு கருவியின் குழியையும் படம் எடுத்து அனுப்புங்கள். குழிக்கு மேலே அச்சடித்திருக்கும் எழுத்தும் படத்தில் தெரிய வேண்டும். லைன், மைக், ஃபோனோ, இன்ஸர்ட் எது என்பது அங்கேதான் இருக்கும்.