பட்டறை மெஷினுக்கு லைட் ஸ்விட்ச் போடாதீர்கள்

வீட்டில் சின்னதாகப் பட்டறை போடுகிறவர்கள் மோட்டாருக்கும் பிளேடுக்கும் தாராளமாகச் செலவு செய்வார்கள். ஸ்விட்ச் என்று வந்தால் மட்டும் பழைய போர்டில் கழற்றிய லைட் ஸ்விட்ச்சைத் தேடி எடுப்பார்கள்.

அதில் முதல் வம்பு, கரண்ட் போய்த் திரும்பி வரும்போதுதான். மரம் அறுக்கும் டேபிள் சா ஓடிக்கொண்டிருக்கையில் கரண்ட் போகிறது. ஸ்விட்ச் ஆனிலேயே கிடக்க, நாம் டீ குடிக்கப் போய்விடுகிறோம். திரும்பி வந்து பிளேடில் சிக்கிய சிராயை விரலால் எடுக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் வந்தால் என்ன ஆகும்?

இதற்கென்றே இருப்பது நோ வோல்ட் ஸ்விட்ச். பச்சைப் பட்டனை அமுக்கினால் காண்டாக்ட் சேரும். உள்ளே இருக்கும் காயிலின் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். கரண்ட் வந்தாலும் மறுபடி பச்சையை அமுக்கினால்தான் மெஷின் ஓடும். மோட்டார் ஸ்டார்ட்டரிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் தோட்டத்துப் பம்ப்செட்டில் இருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடவிடுவதுதான் அதன் வேலையே.

கடையில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டன் இருப்பதெல்லாம் நோ வோல்ட் இல்லை. ஸ்பிரிங்கில் மட்டும் இயங்கும் சாதா புஷ் பட்டனும் அதே முகத்தோடு விற்கிறது. மாட்டிய பிறகு, மெஷினில் எதையும் வைக்காமல் ஓடவிட்டு, சுவரில் இருக்கும் மெயினை அணையுங்கள். பிளேடு முழுதாக நின்ற பின், தள்ளி நின்று மெயினைப் போடுங்கள். தானாக ஓடினால் அந்த ஸ்விட்ச் வேண்டாம்.

அடுத்தது ஆம்பியர். சிங்கிள் பேஸ் 1 எச்.பி மோட்டார் 230 வோல்ட்டில் முழு லோடில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. 6 ஆம்பியர் லைட் ஸ்விட்ச் உடனே எரிந்து போனால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் பொறி தட்டி, உள்ளே காண்டாக்ட் இரண்டும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அணைத்தாலும் மெஷின் நிற்காது. மோட்டாருக்கு என்று ரேட்டிங் போட்ட ஸ்விட்ச்சாக வாங்குங்கள். பிளக் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் போகட்டும். ஸ்விட்ச் சூடானாலோ கருகல் வாடை வந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள்.

கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் ஸ்விட்ச் வைப்பது கண்ணுக்குத் தெரியாத தப்பு. மெஷின் நிற்கும், ஆனால் மோட்டார் வரைக்கும் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், உயிரோடு இருக்கும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. அப்போதும் பிளேடு மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் தள்ளினால் லாக் ஆகிற ஸ்விட்ச் இருக்கும். பிளக்கைச் சொருகுமுன் அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால், சொருகியதும் மேஜையை விட்டுத் துள்ளும்.

தகர ஸ்விட்ச் பெட்டிக்கு எர்த் கட்டாயம். எம்.சி.பி இருக்கிறதே என்று ஆர்.சி.சி.பியை விடாதீர்கள். லோடு அதிகமானால் விழுந்து எம்.சி.பி வயரைக் காக்கும். உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பிதான். சிவப்புப் பட்டனைப் பிளேடுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது தொடையால் இடித்தே அணைக்கிற உயரத்தில், மேஜையின் முன்பக்கம் இருக்கட்டும்.