புத்தகம் பற்றி மனம்திறந்து எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு புத்தகம் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அதை எழுதி நாலு பேர் படிக்க வைக்கும்போது ஒரு பொறுப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. உங்கள் ரசனையோடு துளியும் ஒத்துப்போகாத ஒருவரும் அதைப் படித்துவிட்டு, இந்தப் புத்தகம் தனக்கு ஒத்துவருமா வராதா என்று முடிவெடுக்க முடிய வேண்டும். உண்மையாக எழுதினால் மட்டும் அது கைகூடாது. மனதில் பட்டதை அப்படியே எழுதிய பல மதிப்புரைகள் வாசகருக்கு எதையும் சொல்லாமலே முடிந்துவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் இதில் பெரிய தவறு. பல வகைப் புத்தகங்களையும் மாறி மாறிப் படிப்பவர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். முழக்கோலை வைத்து எண்ணெயை அளக்க முடியாது. இலக்கிய நாவலில் தேடும் மன ஆழத்தைத் துப்பறியும் கதையில் தேடி, கிடைக்கவில்லை என்று எழுதுவதும், திகில் கதையின் வேகத்தைக் கவிதையில் தேடி ஏமாறுவதும் இந்த வகைதான். புத்தகம் எதைச் செய்யக் கிளம்பியது, அதைச் செய்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். அது செய்யக் கிளம்பிய காரியமே உங்களுக்கு உவப்பில்லை என்றால் தனி வாக்கியமாகச் சொல்லிவிடலாம். இரண்டையும் குழைத்துவிடக் கூடாது.

துப்பறியும் நாவலை எடுத்துக்கொள்வோம். 'குற்றவாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது' என்பதைப் பலர் குறையாக எழுதுகிறார்கள். சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. அது நாவலைவிட வாசகரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. எழுத்தாளர் நேர்மையாக ஆடினாரா என்பதே பயனுள்ள கேள்வி. ஆங்கிலேயத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் காணும் தடயங்களை வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: முடிவு தெரிந்தபின் முதல் 50 பக்கங்களை மறுபடி படியுங்கள். தடயங்கள் கண்ணெதிரே கிடந்து நீங்கள்தான் தாண்டிப் போயிருந்தால் அது கைதேர்ந்த வேலை. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரன் முளைத்திருந்தால், உங்கள் எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது.

காதல் கதையில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முன்பே தெரிவது குறையாகாது. அந்த வகைமை வாசகருக்குத் தரும் வாக்குறுதியே அதுதான். அவர்களைப் பிரித்து வைக்கும் தடை நம்பும்படி இருக்கிறதா, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் மனக்கசப்பை 300 பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மிகுபுனைவில், அதாவது மாயாஜால உலகக் கதைகளில், மந்திரம் எவ்வளவு விநோதமாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கென்று எல்லை வேண்டும். கதாநாயகன் இக்கட்டில் மாட்டும்போதெல்லாம் புதிய சக்தி ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தால், எந்த ஆபத்தும் வாசகரைத் தொடாது.

கவிதைத் தொகுப்பை நாவல் போல ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வதை நிறுத்தியே ஆக வேண்டும். முப்பதாவது கவிதை வரும்போது காது மரத்துப்போயிருக்கும். அலுப்பைக் கவிஞரின் தலையில் கட்டிவிடுவோம். ஒரு நாளைக்கு நாலைந்து கவிதை போதும், அதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதும்போது பத்து வெவ்வேறு கவிதைகளிலிருந்து ஒவ்வொரு வரியைப் பிய்த்துப் போடாமல், ஒரே கவிதையிலிருந்து தொடர்ச்சியாக ஒரு பகுதியைக் காட்டுங்கள். எந்த இடத்தில் வரி உடைகிறது, அந்த உடைப்பு பொருளை என்ன செய்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாலே படிப்பவருக்குக் கவிஞரின் கைப்பக்குவம் பிடிபட்டுவிடும்.

சிறுகதைத் தொகுப்புக்கு 'ஏற்ற இறக்கமாக இருக்கிறது' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. பன்னிரண்டு கதைகளில் எத்தனை நின்றன, எவை, சறுக்கிய கதைகளுக்குப் பொதுவான கோளாறு ஏதும் உண்டா என்று எழுதினால் புரியும்.

கற்பனைக் கதையல்லாத அபுனைவு நூல்களில் சறுக்கல் வேறு மாதிரி. நடை சரளமாக இருந்தால் சொல்வதெல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பேசும் அத்தியாயத்தை முதலில் படித்துப் பாருங்கள். அங்கேயே பிழைகள் இருந்தால், தெரியாத அத்தியாயங்களையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். அடிக்குறிப்புகளில் ஐந்தை எடுத்து, அவை மூல ஆவணத்துக்குப் போகின்றனவா, அல்லது இன்னொரு பொது நூலைச் சுட்டிவிட்டு நின்றுவிடுகின்றனவா என்று பாருங்கள். வெளிவந்த ஆண்டும் முக்கியம். புளூட்டோ குறுங்கோள் என்று வகைப்படுத்தப்பட்டது 2006இல். அதற்கு முன் வந்த வானியல் நூல் ஒன்பது கோள்கள் என்று சொன்னால் அது ஆசிரியரின் பிழையல்ல.

சுயமுன்னேற்ற நூலையும் சமையல் நூலையும் செய்து பார்க்காமல் மதிப்பிடவே முடியாது. சொன்ன பயிற்சியை இரண்டு வாரமாவது கடைப்பிடியுங்கள். மூன்று சமையல் குறிப்புகளையாவது அளவு மாற்றாமல் செய்து பாருங்கள். அளவை மாற்றிவிட்டு 'சரியாக வரவில்லை' என்று எழுதுவது அநியாயம். தன்வரலாற்றில் வேறொரு பொறி இருக்கிறது: பட்ட துன்பம் பெரிது என்பதற்காக எழுத்தையும் பெரிது என்று சொல்லிவிடுவோம். வாழ்க்கைக்கு மரியாதை செலுத்துங்கள், எழுத்தைத் தனியே எடைபோடுங்கள்.

மொழிபெயர்ப்பில் வாக்கியம் முரண்டு பிடித்தால் மொழிபெயர்ப்பாளரையும், இனித்தால் ஆசிரியரையும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டுமே ஊகம்தான். 1942இல் வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலின் முதல் வாக்கியத்தில் அம்மாவைக் குறிப்பது பிள்ளைகள் கூப்பிடும் வீட்டுச் சொல். 1946இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே சம்பிரதாயமான சொல்லைப் போட்டது. 1988இல் வந்த மேத்யூ வார்டின் மொழிபெயர்ப்பு பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டது. ஒரே சொல்தான், ஆனால் கதைசொல்லி கல்நெஞ்சக்காரனா இல்லையா என்ற எண்ணமே அதில் மாறுகிறது. எந்த மொழிபெயர்ப்பைப் படித்தீர்கள், யார் செய்தது, நேர் மூலத்திலிருந்தா அல்லது இடையில் இன்னொரு மொழி வழியாகவா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பதிப்புக்கும் இதே கவனம் வேண்டும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. 1831 பதிப்பை அவரே திருத்தியிருக்கிறார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளியானபோது 'தக்கன பிழைத்தல்' என்ற தொடர் அதில் இல்லை. 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. முதல் பதிப்பின் மறு அச்சை வாங்கியவர் உங்கள் மதிப்புரையை நம்பி அந்தத் தொடரைத் தேடினால் கிடைக்காது.

இனி எழுதும் வேலை. கதைச்சுருக்கம் மதிப்புரையைத் தின்றுவிடுவது அன்றாடம் காணும் கோளாறு. 600 சொல் எழுதினால் சுருக்கத்துக்கு 120 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். புத்தகத்தின் முதல் கால் பகுதியில் தெரிய வருவதோடு நிறுத்திக்கொண்டால், திருப்பங்களைப் போட்டுடைக்கும் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். 'யாரும் எதிர்பாராத முடிவு' என்று எழுதுவதும் ஒருவகையில் போட்டுடைப்பதுதான். அதைப் படித்தவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்.

'விறுவிறுப்பு', 'கீழே வைக்க மனமில்லை', 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துவதால் எந்தப் புத்தகத்தையும் காட்டுவதில்லை. விறுவிறுப்பாக இருந்தது என்றால் ஏன்? அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடிகிறதா? ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு நிற்கிறதா? அந்தக் காரணத்தை எழுதுங்கள். பிடிக்கவில்லை என்னும்போது இது இன்னும் அவசியம். குறை சொல்லும் இடத்தில் அந்தப் பத்தியை வெட்டாமல் காட்ட வேண்டும். நடுவில் மூன்று புள்ளி வைத்து ஆசிரியரை அசடாக்கக் கூடாது. ஒரு பாத்திரம் பேசும் வெறுப்பை ஆசிரியரின் கருத்தாக எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கதை அந்தப் பாத்திரத்தை எப்படி நடத்துகிறது என்று பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாதியில் வைத்துவிட்ட புத்தகத்தைப் பற்றித் தாராளமாக எழுதலாம், '400 பக்கத்தில் 90இல் நிறுத்தினேன், காரணம் இது' என்று சொல்லிவிட்டால் போதும். அதை மறைப்பதுதான் தவறு. இலவசப் பிரதி, ஆசிரியரோடு பழக்கம் இவற்றையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நட்சத்திரம் போடுபவர்கள், கடைசியாக மதிப்பிட்ட 50 புத்தகங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். 40க்கு நாலு நட்சத்திரம் விழுந்திருந்தால் அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. மூன்று என்றால் என்ன, நாலு என்றால் என்ன என்று ஒரு வரியில் வரையறுத்து வையுங்கள்: 'படித்ததில் மகிழ்ச்சி, திரும்பப் படிக்க மாட்டேன்' என்பது மூன்றாக இருக்கலாம். அட்டை கிழிந்து வந்ததற்காக நாவலின் நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம்.

படிக்கும்போதே குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடம், சந்தேகம் வந்த இடம், முன்பு சொன்னதோடு முரண்படும் இடம் என்று மூன்று வகைக் குறி போதும். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கக் கணக்கு மாறக்கூடும், ஆகவே அத்தியாய எண்ணைக் குறியுங்கள். முடித்த இரண்டு நாளுக்குள் வரைவை எழுதி, ஓர் இரவு ஆறப் போட்டுத் திருத்துங்கள். சில வருடம் கழித்து மறுவாசிப்பில் கருத்து மாறினால் பழையதை அழிக்காதீர்கள். கீழே தேதியிட்டுப் புதியதைச் சேருங்கள். முதல் முறை எது கண்ணில் படவில்லை என்பதும் அந்தப் புத்தகத்தைப் பற்றிய தகவல்தான்.