சின்ன மடக்குக் கத்திக்குக் கைடட் சாணை செட்: வாங்கும் முன் தாடையை அளந்து பாருங்கள்

கொடிக்காலில் நார் அறுக்க, தாரிலிருந்து சீப்பு பிரிக்க, நெல்மூட்டைத் தையலை வெட்ட, தலைவாழை இலையின் ஓரம் நறுக்க என்று காவிரி டெல்டாவில் மடக்குக் கத்திக்கு வேலை ஓய்வதில்லை. அலகோ சின்னது. நீளம் 4 முதல் 7 செ.மீ., அகலம் 10 முதல் 15 மி.மீ. இதைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அந்தச் சக்கரம் சரி. மெல்லிய அலகு அதில் பட்டால் சில நொடியிலேயே சூடேறி, விளிம்பு நீலம் பாய்ந்து பதம் இறங்கிவிடும். பதம் போன விளிம்பில் எவ்வளவு தீட்டினாலும் கூர் தங்காது.

கையால் கல்லில் தீட்டப் பழகியவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. கோணம் கையில் நிற்காதவர்களுக்குத்தான் கைடட் செட். கல்லை ஒரு தண்டில் மாட்டி, தண்டை ஒரு துளையிலோ பந்து மூட்டிலோ ஊன்றி, அலகைக் கிளாம்பில் பிடித்துவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கோணம் மாறாது. லான்ஸ்கி செட்டில் 17, 20, 25, 30 டிகிரிக்குத் தனித்தனித் துளைகள். வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட்டில் 15 முதல் 30 வரை திருகி வைக்கலாம். ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கரில் கிளாம்பே கிடையாது. முக்கோண செராமிக் குச்சிகள் இரண்டு சாய்ந்து நிற்கும், கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி, இரண்டே நிலைதான்.

எத்தனை கல் என்று பார்க்காதீர்கள்

விளம்பரத்தில் கற்களின் எண்ணிக்கைதான் பெரிய எழுத்தில் இருக்கும். சின்ன அலகுக்கு அது இரண்டாம்பட்சம். கிளாம்பின் தாடை எவ்வளவு தடிமன், அது அலகை எவ்வளவு விழுங்குகிறது என்பதே முதல் கேள்வி. 12 மி.மீ. அகல அலகில் தாடை 6 மி.மீ. கவ்வினால் வெளியே நிற்பது 6 மி.மீ.தான். 20 டிகிரியில் சாயும் கல், தாடை தொடங்கும் இடத்தில் அலகின் நடுத்தளத்துக்கு மேல் வெறும் 2.2 மி.மீ. உயரத்தில் போகும். தாடையின் மூக்கு, அதாவது விளிம்பைப் பார்த்திருக்கும் முனை, அதன் பாதித் தடிமன் இதைவிட அதிகமாக இருந்தால் கல் தாடையில் உரசும். நீங்கள் தீட்டுவது கத்தியை அல்ல, கிளாம்பை.

கணக்கு எளிது. வெளியே நிற்கும் அகலத்தை 15 டிகிரிக்கு 0.27, 17க்கு 0.31, 20க்கு 0.36, 25க்கு 0.47 என்று பெருக்குங்கள். வருவது கல்லின் உயரம். தாடை மூக்கின் பாதித் தடிமன் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மூக்கு பின்னோக்கிச் சரிந்து ஏறும் வடிவமாக இருந்தால், இரும்பு ஸ்கேலைத் தீட்டப்போகும் கோணத்தில் விளிம்பின் மேல் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஸ்கேல் தாடையில் தட்டினால் அந்தக் கோணம் அந்தக் கத்திக்கு ஆகாது. லான்ஸ்கியின் 17 டிகிரித் துளை குறுகிய அலகுகளுக்குப் பெரும்பாலும் பயன்படாமல் போவது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. செட்டில் அச்சிட்டிருக்கும் டிகிரி, விளிம்பு ஊன்றுபுள்ளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும்போதுதான் உண்மை. ஊன்றுபுள்ளி அலகின் மட்டத்துக்கு 55 மி.மீ. மேலே, விளிம்பு 150 மி.மீ. தள்ளி என்றால் கோணம் 20. அதே துளையில் குறுகிய அலகின் விளிம்பு 130 மி.மீ.யில் நின்றால் 23 ஆகிவிடும். ஆகவே சின்னக் கத்தியில் எண்ணை நம்பாமல், காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அலகின் பக்கத்தில் வைத்துப் பூஜ்யம் செய்து, பிறகு தண்டின் மேல் வைத்தால் உண்மைக் கோணம் தெரியும். கூடுதலாக நான்கு கல் வாங்கும் காசை இதில் போடலாம்.

என் தேர்வு: 12 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள அலகுக்கு, மூக்கு மெலிந்த தாடையும் திருகிக் கோணம் மாற்றும் வசதியும் உள்ள கிளாம்ப் செட். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்திக்குச் செராமிக் குச்சி. விலை மலிந்த நகல் செட்டுகளில் தண்டு ஊன்றும் மூட்டை ஆட்டிப் பாருங்கள். மூட்டு லொடலொடத்தால் வேண்டாம்.

செய்முறை

முதலில் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள். வாழைக்கறை படிந்த அலகைக் கல்லில் வைத்தால் டைமண்ட் தட்டு (வைரத்துகள் பதித்த கல்) அடைத்துக்கொள்ளும், பிறகு வழுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மடியும் மூட்டில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். கல்தூள் உள்ளே போனால் மூட்டு தேயும்.

அடுத்து கிளாம்ப். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பல மடக்குக் கத்திகளின் அலகு முதுகிலிருந்து விளிம்புவரை சீராக மெலிந்து வரும். நேரான தாடை இந்தச் சரிவை ஒரே கோட்டில்தான் தொடும். அலகு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார, ஒரு பக்கம் 18, மறுபக்கம் 22 என்று தீட்டுப்படும். விளிம்பு நடுவில் நிற்காது. கவ்வும் இடத்தில் இருபுறமும் மெல்லிய ஆட்டுத்தோலோ ஒரு அடுக்கு மாஸ்கிங் டேப்போ வையுங்கள். டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் அதுவே அமுங்கி அலகை ஆட்டும். முன் திருகை அலகின் தடிமனுக்குச் சரிசெய்து, பின்திருகால் இறுக்குங்கள். அலகை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு இரண்டு பக்கமும் கோணமானி வைத்து அளந்து பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கழற்றி மறுபடி பிடியுங்கள்.

எங்கே கவ்வுவது? விளிம்பின் நேரான பகுதி முழுக்கக் கோணம் மாறாது, வளைவில்தான் மாறும். நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, விளிம்பு முழுக்க மார்க்கரால் கருப்புப் பூசி, நயமான கல்லால் இரண்டு இழுப்பு இழுங்கள். முனையருகே தீட்டுப்பட்ட பட்டை அகலமானால் கிளாம்பை முனைப்பக்கம் நகர்த்துங்கள். பட்டை குறுகினால் கைப்பிடிப் பக்கம். மறுபடி பிடிக்க இடம் தெரிய, டேப்பின் மேல் பேனாவால் கோடு போட்டுவையுங்கள்.

லான்ஸ்கி வகை செட்டாக இருந்தால், கல்லையும் தண்டையும் கண்ணாடி மேல் படுக்கவைத்து, தண்டு கல்லின் முகத்துக்கு இணையாக நிற்கும்போது திருகை இறுக்குங்கள். இதை விட்டால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கோணத்தில் வெட்டும்.

தீட்டுவது இனி எளிது. பல் போன விளிம்பு என்றால் 320, வெறுமனே மழுங்கியது என்றால் 600 கிரிட்டில் (எண் கூடினால் கல் நயம்) தொடங்குங்கள். கல்லின் எடையே போதும், அழுத்த வேண்டாம். அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து கோணம் மாறும், டைமண்ட் துகளும் உதிரும். எதிர்ப்பக்கத்தில் அடியிலிருந்து முனைவரை பிசிறு (விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு இழை) எழும்பும்வரை ஒரே பக்கம். விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே இழுத்தால் சொரசொரப்புத் தெரியும். எங்காவது விட்டிருந்தால் அங்கே இன்னும் தீட்டாமல் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். முனையில் கல்லின் பாதி அகலம் அலகின் மேல் இருக்கும்போதே நிறுத்துங்கள். கல் வழிந்து இறங்கினால் முனை உருண்டுவிடும்.

மறுபக்கமும் பிசிறு வந்தபின், பக்கம் மாற்றி மாற்றி 10, 5, 2, 1 என்று குறைத்துக்கொண்டே மிக லேசாக இழுங்கள். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப் பக்கத்தில் பச்சை பாலிஷ் தடவி, முதுகு முன்னே போகும்படி பக்கத்துக்குப் பத்து இழுப்பு. நியூஸ் பேப்பரைத் தொங்கவிட்டு அறுத்தால் எங்கும் சிக்கக் கூடாது. சிக்கும் இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது.

சணலும் நாரும் அறுப்பவர்கள் 600லேயே நிறுத்திக்கொள்ளலாம். நாரைக் கவ்வ விளிம்பில் நுண்ணிய பல் வேண்டும், பளபளவென்று மெருகேற்றினால் வழுக்கும். இலையும் பழமும் நறுக்குபவர்கள் 1000 வரை போகலாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்

அலகின் விளிம்பு கைப்பிடியருகே முடியும் இடத்தில் சின்ன வெட்டு இல்லாத கத்திகளில் கல் கைப்பிடியில் முட்டி, கடைசி இரண்டு மூன்று மி.மீ. தீட்டப்படாமல் நிற்கும். கல்லைக் குறுக்காகத் திருப்பாதீர்கள், அங்கே பள்ளம் விழும். குறுகிய கல் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தை அப்படியே விடுங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தஞ்சாவூரிலும் ஈரம் குறையாது. புதிதாகத் தீட்டிய கார்பன் எஃகு விளிம்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். டேப்பைக் கழற்றி, மூட்டைத் தண்ணீரில் அலசி, உலரவைத்து, தையல் மிஷின் எண்ணெய் மூட்டில் ஒரு சொட்டு, அலகில் ஒரு துடைப்பு. பழம் நறுக்கும் கத்தியானால் அலகில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.