இருட்டை இருட்டாக விடுங்கோ: இரவுத் தெருப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை இரவு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் மூன்று பெடியன்கள் புதுக் கமராக்களோடு நின்றார்கள். ஒரு படம் எடுக்கிறது, உடனே திரையைப் பார்க்கிறது, "சூப்பரடா" என்கிறது. எட்டிப் பார்த்தேன். பத்து வருசத்துக்கு முன்னம் நான் எடுத்துக் குப்பையில் போட்ட அதே கறுப்பு வெள்ளைப் படம். பற்றறி சார்ஜ் பண்ண மறப்பது, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நிற்பது எல்லாம் ஒருதரம் பட்டால் தானாகத் திருந்தும், அவற்றை விடுவோம்.

மீற்றர் சொன்னதைக் கேட்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கமராவுக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் உள்ளே வெளிச்சத்தை அளக்கிற மீற்றர் பார்க்கும். முக்கால்வாசி இருட்டாகக் கிடக்கிற தெருவைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் காணாது என்று ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தை நீட்டிவிடும். அப்புறம் என்ன, தார் றோட்டும் சாம்பல், வானமும் சாம்பல், பல்ப் எரிந்த இடத்தில் வெள்ளை ஓட்டை, நடந்துபோனவர் வெறும் புகை.

நல்லூர்த் திருவிழாவில் ஒரு கச்சான் கடை ஆச்சியை அப்படித்தான் எடுத்தேன். தலைக்கு மேலே ஒற்றைப் பல்ப், முன்னால் கச்சான் குவியல், முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிழல். மீற்றர் 1/8 செக்கன் என்றது, நானும் சரியென்று அமத்தினேன். 25 நாள் திருவிழா, அவசரமில்லை, பிரிண்ட் போட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னால கிடக்கிற சாக்கெல்லாம் வடிவா வந்திருக்கு, என்ர முகம் எங்க?" என்றார். முகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளைக் கடதாசி. இருண்ட பகுதியையாவது பிறகு ஓரளவு தூக்கி எடுக்கலாம், எரிந்துபோன வெள்ளைக்குள் தூக்க ஒன்றுமே கிடையாது.

வெளிச்சம் விழுகிற முகத்தில் ஸ்பொட் மீற்றரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற முறை) வையுங்கள். அது சரிவராவிட்டால் எக்ஸ்போஷரை ஒன்று, இரண்டு ஸ்டொப் இறக்குங்கள் (ஒரு ஸ்டொப் இறக்கினால் வெளிச்சம் பாதி). நான் இப்போது கடை வெளிச்சமுள்ள தெருவில் எஃப் 2 (லென்ஸ் நன்றாகத் திறந்த அளவு), 1/100 செக்கன், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமராவின் உணர்திறன்) 3200 என்று தொடங்கி, பல்புக்குக் கிட்டப் போகப் போக ஐஎஸ்ஓவைக் குறைக்கிறேன். சுவரோரம் கறுப்பாகப் போனால் போகட்டும்.

ஐஎஸ்ஓவுக்குப் பயப்படுவது

படத்தில் புள்ளி விழுமே என்று யோசிக்காமல் 3200 போடுங்கள், கமரா வெடிக்காது.

திரையை நம்புவது

சுற்றிவர இருட்டென்றால் அந்தச் சின்னத் திரை எந்தப் படத்தையும் பளிச்சென்று காட்டும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

எல்இடிக்குக் கீழே வேகமான ஷட்டர்

நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் பல செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கித்தான் எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் 1/500 இல் எடுத்து ஒரு முழு இரவையும் பட்டை பட்டையாகக் கொண்டுவந்தேன். மேலே 1/100 என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், அந்த நேரத்துக்குள் ஒரு முழு மினுக்கல் அடங்கிவிடும்.

ஜேபெக் மட்டும் வைத்திருப்பது

கறுப்பு வெள்ளை ஜேபெக்கில் நிறத் தகவல் அங்கேயே போய்விடும். ரோ ஃபைல் (கமரா பிடித்த தகவல் முழுவதும் உள்ள ஃபைல்) இருந்தால் சிவப்புச் சேலையைப் பிறகு கருக்கவும் முடியும், வெளிறவைக்கவும் முடியும். மஞ்சள் சோடியம் விளக்குக்குக் கீழே மட்டும் இந்த வித்தை பலிக்காது. அந்த வெளிச்சத்தில் இருப்பதே கிட்டத்தட்ட ஒரு நிறம்தான், நீலத்தைத் தூக்கினால் புள்ளிதான் மிஞ்சும்.

பிளாஷ்

வேண்டாம். கொத்துக் கடைக்காரர் கையில் இரண்டு தகடு இருக்கிறது.